சாக்பீஸ் கூடாரம்

பெட்டியின் மேல் ஆறு கறுப்பு மனிதர்கள்
தீக்குச்சிகளாய் அடுக்கிக் கிடக்கிறார்கள்.
முழங்கை கிடையாது அவர்களுக்கு.
புரண்டு படுப்பதில்லை.
நடுராத்திரியில் ஒன்றுக்கு எழுவதில்லை.
ஈரக் காலுறையை எங்கே தொங்கவிட என்று
கேட்க வாயும் இல்லை.

"ஆறு என்று போட்டிருந்தால் நாலு என்று படியுங்கள்,"
என்றார் நார்விக் கடைக்காரர்.
"அப்படியானால் எட்டே வாங்கிவிடலாம்," என்றாள் தூருன்.
"எட்டு காற்றைப் பிடிக்கும்.
நம் கரையில் அது கூடாரமில்லை, பாய்மரம்.
தவிர, ஐந்து உடம்பின் சூடு
அவ்வளவு பெரிய வயிற்றை நிரப்பாது."

நான் படகில் வேலை பார்ப்பவன்.
பொக்னஸ் துறையில் நாள் முழுக்கக் கையசைத்து
லாரிக்கும் லாரிக்கும் நடுவே
விரல் நுழைய இடம் விட்டு
வண்டிகளை அடுக்குகிறவன்.
இந்தக் கேரவன் ஏறும்,
அந்தப் பேருந்து அடுத்த நடைக்கு:
பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன்.
என் வீட்டு ஐந்து பேருக்கு எத்தனை மீட்டர் என்றால் மட்டும்
கை அந்தரத்தில் நிற்கிறது.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும்.
ஒரு சாக்பீஸ் கேட்டு வாங்கினேன்.
கடைக்கு முன்னால் கார்கள் நிற்கும் தார்த் தரையில்
மூன்றுக்கு ஒன்றரை,
வெள்ளையாய் ஒரு செவ்வகம்.
வாசலுக்கென்று ஓர் இடைவெளி.
ரூனா அதன் வழியாகத்தான் குனிந்து வந்தாள்,
இல்லாத ஜிப்பை இழுத்து மூடிவிட்டு.

படுத்தோம்.
இந்த ஓரம் நான், அந்த ஓரம் வெத்லே.
சீவர்ட் குறுக்கே.
நாலு வயதுக்கு நேர்க்கோடு தெரியாது.
நாய்க்குக் கால்மாட்டில் கொஞ்சம் இடம் கொடுத்தோம்,
அது மடத்தையே பிடுங்கிக்கொண்டது.
பால் வண்டி ஓட்டி வந்த பெண் பிரேக் போட்டு
ஆம்புலன்ஸ் வேண்டுமா என்றாள்.
"ஷ்ஷ், தூங்குகிறோம்,"
கண்ணைத் திறக்காமல் ரூனா.

பை வைக்க வேண்டுமே என்று தூருன் நகர்ந்தாள்.
தூருன் நகர, ரூனா நகர,
நான் கோட்டைத் தாண்டினேன்.
"அப்பா, நீ மழையில் இருக்கிறாய்."

அப்போதுதான் தலையைத் தூக்கினேன்.
வெத்லேயின் கால் இரண்டும்
கணுக்காலுக்குக் கீழே
கோட்டுக்கு வெளியே.
தப்பாகப் போட்டேனோ?
மறுபடி அளந்தேன். கோடு சரி.
போன ஜூலையில் என் கக்கத்தில் தலைவைத்துத் தூங்கியவனை
நினைவில் வைத்துக்கொண்டு
கடைக்கு வந்திருக்கிறேன்.
சட்டை என்றால் ஒரு சுற்று பெரிதாகத்தானே எடுப்போம்!

"எனக்குத் தனியாக ஒன்று வாங்குங்கள்,"
வானத்தைப் பார்த்துச் சொன்னான்.
"சின்னது போதும். பக்கத்திலேயே போட்டுக்கொள்கிறேன்."
பக்கத்தில் என்றால் எத்தனை மீட்டர்?
யாரும் கேட்கவில்லை.

மழை வந்தது,
எங்கள் ஊர் மழை, சொல்லாமல் கொள்ளாமல்.
"கூடாரத்துக்குள் நனையாது, யாரும் எழக்கூடாது!"
ரூனாவின் கட்டளை.
முகத்தில் விழ விழ
ஒரு நிமிஷம் கிடந்திருப்போம்.
பிறகு எழுந்து ஓட்டம், கடைக் கூரைக்குக் கீழே.

திரும்பிப் பார்த்தால்
கறுத்த தாரில் உலர்ந்த உருவங்கள்.
முழங்கையோடு, விரித்த காலோடு,
குறுக்கே ஒரு குட்டி,
கீழே சுருண்ட ஒரு நாய்.
ஓரத்தில் இருந்ததுதான் எல்லாவற்றிலும் நீளம்.
என்னுடையதைவிடவா?
பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிரம்பத் தொடங்கின.
முதலில் நாய். அப்புறம் சீவர்ட்.

கடைக்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.
"ஆறு ஒன்று," என்றாள் தூருன்,
என்னைப் பார்க்காமலே.
"ஒன்று ஒன்று."

"ஒன்று என்று போட்டிருந்தால்
எப்படிப் படிக்க வேண்டும்?" என்றேன்.

கொஞ்சம் யோசித்தார்.
"ஒன்று என்றுதான்."