வெறுங்கை

ஐந்து நாள் கையுறைக்குள் கிடக்கிற கை.
பேர்ணில், மூன்றாம் மாடியில்,
பனிக்கட்டிப் பையைப் பிரித்து
விரல்களை எண்ணிப் பதிவது என் வேலை.
ஒரு பையில் நாலுக்கு மேல் இதுவரை வந்ததில்லை.

சனிக்கிழமை பூர்க்டோர்ஃபில்
மணிக்குப் பன்னிரண்டு பிராங்க் கட்டி நுழைகிற பட்டறையில்
முதல் சட்டமே கையுறை கூடாது.
பல் நூலைப் பிடிக்கும், நூல் துணியை இழுக்கும்,
துணி கையை.
பொறுப்பாளர் ரெகுலா இதை ஒரே மூச்சில் சொல்வாள்,
பேருந்தில் அடுத்த நிறுத்தத்தைச் சொல்வது மாதிரி.

பின்னலைக் கொண்டையாக்கினேன்.
காப்பு, மோதிரம்.
தாலிக்கொடியைக் கழற்றிச் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்து மூடினேன்.
யாராவது கேட்டால் எலுமிச்சைச் சாதம்.

செய்யப்போவது செருப்பு அலுமாரி.
கட்டட நிர்வாகத்தின் கடிதம் வந்திருக்கிறது:
படிக்கட்டில் காலணி குவிக்கக் கூடாது.
மகளின் பிறந்தநாளுக்கு இருபத்தாறு பேர் வந்தார்கள்.
ஐம்பத்திரண்டு சாட்சிகள் வாசலில்.

முதலில் நெடுக்குவெட்டு.
பலகைக்கு மேலே ஒரு பல் தெரிகிற உயரம் போதும்.
அதற்கு மேல் எழும்புவதெல்லாம்
மரத்துக்கில்லை, எனக்கு.
எங்கள் மொழியில் மரம் அறுப்பதும் வாள்,
தலை அறுப்பதும் வாள் என்றேன்.
அப்படியென்றால் உனக்கு நான் விளக்கத் தேவையில்லை என்றாள் ரெகுலா,
பிறகு இருபது நிமிடம் விளக்கினாள்.

வாளுக்குப் பின்னால் நிற்கிற பிளவுத்தகடு
பிரிந்த இரண்டையும் பிரிந்தே இருக்க வைக்கும்.
திரும்ப ஒட்டப் பார்த்தால்தான் ஆபத்து.
தங்கையின் வழக்கறிஞரும் இதையே சொன்னார்.

வாளை ஒரு சாணுக்குள் நெருங்கினால் தள்ளுகோல்.
எண்சாண் உடம்புக்கு
இன்று அந்த ஒரு சாணே பிரதானம்.

விளிம்புகளுக்கு நாற்பத்தைந்து பாகை.
வாள் இடப்பக்கம் சாய்ந்தது,
காது மந்தமான ஒருவர் கேட்கச் சாய்வதுபோல.
வேலி வலப்பக்கம்தானா என்று இரண்டு முறை பார்த்தேன்.
பீச் மரம் கருகிய பாலின் வாசம் விட்டது.

கடைசியில் குறுக்குவெட்டு.
ஒரே அளவில் எட்டுச் சின்னத் துண்டுகள்.
வாளுக்கு முன்பே நின்றுவிடும்படி
வேலியில் ஒரு கட்டை பூட்டி
அதில் அளவு வைத்து அறுக்க வேண்டும்;
அறுந்தது ஒதுங்க இடம் வேண்டும்.
ஏழு வரை ஒழுங்கு.
ஏழாவதோடு கட்டை நழுவியது.
இன்னும் ஒன்றுதானே என்று
வேலியையே அளவாக வைத்தேன்.

வேலியே பயிரை மேயும் என்று
ஆறாம் வகுப்பில் எழுதிப் பத்துக்குப் பத்து வாங்கியவள்.

எமென்தால் பால்பண்ணைக்காரர்,
கூரை வேலை செய்யும் பையன்,
ஓய்வுபெற்ற அஞ்சல்காரர்.
மயக்க மருந்து ஏறும்வரை எல்லாரும் சொல்வது ஒன்றுதான்:
அது கடைசித் துண்டு.

துண்டு நடுவில் திரும்பியது.
சத்தம் முதலில் வந்ததா
கதவில் பள்ளம் முதலில் வந்ததா, தெரியாது.
நான் வாளின் நேர்க்கோட்டில் இல்லை.
ஓரமாக நின்றிருந்தேன்;
அந்த ஒரு விதியை மட்டும் கால்கள் மனப்பாடம் செய்திருந்தன.

சிவப்புப் பொத்தான்.
சுழற்சி தணியத் தணிய
பற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.
முழுதாய் நிற்கும்வரை எதையும் தொடவில்லை.
பிறகு எண்ணினேன். பத்து.
எந்தப் படிவத்திலும் பதியவில்லை.

ரெகுலா கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
இறுக்கியை எடுத்து நீட்டினாள்.
கதவுக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டேன்.
ஒன்றும் வேண்டாம், இது பன்னிரண்டாவது என்றாள்.

அப்போதுதான் பார்த்தேன்.
பழைய பள்ளங்கள் பதினொன்று,
பெரியதும் சிறியதுமாக,
எல்லாம் வயிற்று உயரத்தில்.

கட்டையைப் பூட்டினேன்.
எட்டாவது.