நீலமாகவில்லை

மழை விட்டு நாலு நாள். ஏப்ரல்.
நியூலண்ட்ஸில் ஓக் மரத்தடிச் சருகை
எதுவோ உள்ளிருந்து முட்டித் தூக்கியிருந்தது.
நாய் முகர்ந்துவிட்டு நகர்ந்தது. நான் குந்தினேன்.

பேக்கரித் தட்டின் ஓரத்தில் கூடுதலாக வெந்த பன்,
அந்தப் பழுப்பு. தொட்டால் லேசான பிசுக்கு.
தண்டை வெட்டாமல் அடிமண்ணோடு பெயர்த்தேன்.
கீழே பை இருந்தால்,
கிழிந்த முட்டைத்தோல் போல ஒரு பை,
கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட வேண்டும்.

பை இல்லை.

கவிழ்த்தால் மடிப்புகளும் இல்லை. பஞ்சு.
ஊசி குத்திய நெருக்கத்தில் துளைகள்,
இளசு என்பதால் இன்னும் வெள்ளை.
தண்டுக்குத் தொந்தி. கழுத்தில் மட்டும்
வெள்ளை நூலில் பின்னிய வலை.
அது சிவப்பு வலையாக இருந்தால் வேறு கதை.

"கடையில் விற்கிறார்கள்," என்றான் குபேந்திரன்,
"டப்பாவில், பேரோடு."

நான் வேலை பார்ப்பது ரத்தம் சோதிக்கும் அறையில்.
போன குளிரில் ஒரு குடும்பம்;
இதே போல ஓக் மரத்தடி, வேறு காளான்.
முதல் நாள் வாந்தி. மறுநாள் தேவலை என்றார்கள்.
மூன்றாம் நாள் வந்த கல்லீரல் எண்ணை
இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன்,
மெஷின்தான் தப்பு என்று நம்பி.

கத்தியை நீளவாக்கில் இறக்கினேன்.
கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம்.
நீலமாகவில்லை.
துணுக்கை நாக்கில் வைத்துத் துப்பினேன். கசக்கவில்லை.
ஓரத்தில் ஒரு புழு, தன் சுரங்கத்தில்.
"அதுக்கே ஒண்ணும் ஆகலை, பாரு."
புழுவின் சாட்சி செல்லாது என்றேன்.

ஓக் கப்பலில் வந்ததாம்.
அதன் வேரைப் பிடித்துக்கொண்டு
இதுவும் வந்திருக்கும், எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல்.
குபேந்திரனின் பூட்டனுக்காவது ஒரு நம்பர் இருந்தது.

வெண்ணெய், பூண்டு, கை தவறிய மிளகு.
ஆளுக்கு மூன்று துண்டு. வறுத்த கடலை வாசம்.
நாலாவதுக்கு நீண்ட கையைத் தட்டிவிட்டேன்.

சமைக்காத ஒரு துண்டைத் தாளில் மடித்து
தேதி, மணி, 'ஓக் அடியில்' என்றெழுதி
ஃப்ரிட்ஜில் வைத்தேன்,
என்னோடு வேலை செய்பவர்களுக்குப் புரிகிற எழுத்தில்.
அவன் குறட்டை விட்டான்.
நான் மணியை எண்ணினேன். ஆறு. பன்னிரண்டு.

நான்காம் நாள் பொட்டலத்தைப் பிரித்தேன்.
துண்டு சுருங்கியிருந்தது.
புழு வெளியே வந்திருந்தது, குளிரில் மந்தமாக,
கொஞ்சம் கொழுத்து.

சாட்சியைக் கறிவேப்பிலைத் தொட்டியில் விட்டேன்.