இரண்டு தட்டு

கப்பல்துறையில் புதிதாய் எழும்பிய களஞ்சியத்துக்குள்
விளக்கில்லை.
உள்ளே ஓடுகிறவற்றுக்கு அது தேவையில்லை.
மீற்றருக்கு ஒன்றாய்த் தரையில் ஒட்டிய
கறுப்பு வெள்ளைச் சதுரங்களை வாசித்து வாசித்து
ஆமை உயரத்தில் வரும்,
முழு அலுமாரியை முதுகில் ஏற்றிக்கொண்டு.
ஒன்றுக்கொன்று வழிவிடும்.
திருகோணமலை பஸ் நிலையத்தில்
நான் காணாத மரியாதை.

எனக்கு மட்டும் வெளிச்சமுள்ள அறை.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு கதிரை,
வலக்கைக்கு வயர் தைத்த கையுறை.
நான் வெறும் காற்றைப் பிடித்தால்
அந்தப் பக்கம் மூன்றாம் இலக்கக் கை
மா பைக்கற்றைப் பிடிக்கும்.
பதினொரு மாதம் இதுதான் வேலை.
சம்பளச் சீட்டில் 'பயிற்றுநர்' என்றிருந்தது.
படிப்பிக்கிறியோ என்று அம்மா கேட்டா.
ஓம் என்றேன்,
ஆருக்கென்று சொல்லவில்லை.

சவர்க்காரம் சுகம். நூடில்ஸ் நொறுங்கும்.
பப்படக் கட்டுக்கு மூச்சை அடக்கி விரல் வைக்கவேணும்.
சீனிப்பையை மூலையில் பிடித்தால் சரியும்,
வயிற்றில் பிடிக்கவேணும்.
மார்கழி மழையில் ஈரம் ஏறி
உறிஞ்சு கிண்ணங்கள் வழுக்கின ஒரு நாள்
ஒரே மீன் ரின்னை நாற்பது தரம் எடுத்தேன்.
எடுத்தேன், அது போட்டது.
எடுத்தேன், போட்டது.
அன்றிரவு வீட்டில் தேத்தண்ணிக் கோப்பையை வைக்கப்போக
என் விரல்கள் யோசித்துத்தான் திறந்தன.

மாசியில் அது தன்பாட்டில் எடுக்கத் தொடங்கியது.
கண்டியிலிருந்து வந்த ஹசித திரையைக் காட்டினான்:
"சுபோதினி, அரிசி பைக்கற் என்றால் மட்டும்
பெட்டியில வைக்க முந்தி ரெண்டு தரம் தட்டுது.
முக்கால் செக்கன் வீண். ஏன்?"

கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தேன்.
இருட்டுக்குள் ஒரு சிவப்புப் பொட்டு வெளிச்சம்.
எடுத்தது. தூக்கியது.
டொக்.
டொக்.
வைத்தது.

கிளிவெட்டி முகாம். எனக்கு ஒன்பது வயசு.
பால்மா ரின்னால்தான் அரிசி அளப்பினம்.
எனக்கு முன்னால் நின்ற சம்பூர்ப் பெண்
"தட்டி அள" என்றா,
கெஞ்சலாயில்லை, கடன் கொடுத்தவ மாதிரி.
இரண்டு தட்டுத் தட்டினால் அரிசி இறங்கும்.
இறங்கின இடத்துக்கு இன்னொரு பிடி விழும்.
வாய் திறக்காதவர்களுக்கு
அந்த ஒரு பிடி இல்லை.
அதுக்குப் பிறகு அரிசி எந்த உருவில் வந்தாலும்
என் கை தட்டியிருக்கிறது.
எனக்கே தெரியாது,
ஹசித கேட்கும்வரை.

அவனுக்கு இதைச் சொல்ல
என் சிங்களம் காணாது.
அவனுடைய தமிழுக்குள்ளும் முகாம் இல்லை.
"பழக்கம்" என்றேன்.

அழிக்கப் பார்த்தான், மூன்று நாள்.
கோடி எண்கள், எல்லாம் என் கையிலிருந்து போனவை.
தட்டு எந்த எண்ணுக்குள் இருக்கிறதென்று
அவனுக்கும் பிடிபடவில்லை.
ஒன்றைக் குறைத்தால்
கை சீனிப்பையைக் கிழிக்கிறது.
இன்னொன்றைக் கூட்டினால்
பப்படத்துக்கு முன்னால் விறைத்து நிற்கிறது.
விடச் சொன்னது கொழும்பு.
விட்டதை அப்படியே நகலெடுத்து
வத்தளைக்கும் அனுப்பினார்கள்,
அங்கே அறுபது கை.

பங்குனி முடிய ஒப்பந்தமும் முடிந்தது.
இஃப்லால் கையுறையை வாங்கி, பெட்டியில் போட்டு,
ஒப்பம் எடுத்தான்.
"உன்ர சீடப்பிள்ளையிட்டச் சொல்லிப்போட்டுப் போ" என்று பகிடி விட்டான்.
நான் சொல்லவில்லை.

மூதூர் பஸ். கிண்ணியாப் பாலத்தில்
கடல் இரண்டு பக்கமும் ஒரே நிறம்.
மடியில் சம்பளத்தோடு தந்த ஐந்து கிலோ சம்பா,
ஓரம் உருக்கி ஒட்டின பை.
இந்நேரம் வத்தளை இருட்டில்
அறுபது கை தட்டிக்கொண்டிருக்கும்,
டொக், டொக்,
எல்லாம் ஒட்டின பைகள்,
ஒரு மணி கூட விழாது.

என் மடியிலிருந்ததைக் குனிந்து பார்த்தேன்.
வலக்கை அதன்மேல் இருந்தது.