பெத்தானியாவில் வியாழக்கிழமை

சாவி என்னிடம்தான் இருக்கிறது.
விசுவாசம் இருக்கிறதா என்று யாராவது கேட்டால்
பத்து வருடமாக இதைத்தான் பதிலாகச் சொல்லி வருகிறேன்.

காலை ஆறு மணி. வேல்ஸ் மழை,
பெய்கிறதா நின்றதா என்று தனக்கே தெரியாத மழை.
கற்பலகைச் சுரங்கம் மூடிய மலையடியில்
எங்கள் பெத்தானியா ஆலயம்
இன்றைக்கு மட்டும் வாக்குச்சாவடி.
பிரசங்க பீடத்தின் கீழ் மடக்கு மேசை,
தடுப்பு இரண்டு,
நூலில் கட்டிய பென்சில்கள்.
தடுப்புக்குப் பின்னால்
செவ்வாய்க்கிழமை இல்லாதவர்களுக்குக் கொடுக்க வைத்த
பீன்ஸ் டின்களும் டயப்பர் கட்டுகளும்.

கவுன்சிலிலிருந்து வந்த இளைஞன் ரோரி
சுவரைப் பார்த்து நின்றுவிட்டான்.
"என்ன எழுதியிருக்கிறது?"
வசனம் என்றேன். பாரம் சுமப்பதைப் பற்றி.
"யாருடைய பாரம்?"
அடுத்தவருடையது.
கையேட்டைப் புரட்டினான். பக்கங்கள் நனைந்து ஒட்டியிருந்தன.
"ஏதாவது கட்சிக்குச் சாதகமாகிவிடுமோ?"
இதுவரை இல்லை.
யாராவது எடுத்துக்கொண்டால் கட்டாயம் தகவல் தருகிறேன்.

அவன் சிரிக்கவில்லை.
அறுப்பின் பண்டிகை மேசைவிரிப்பை எடுத்து
இருவரும் நாற்காலிமேல் ஏறி
வசனத்தை மூடினோம்.
நட்டநடுவில் ஒரு ஜாம் கறை.

பிறகு வந்தார்கள்.
ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஆறு பேர்.
ஐவருக்குக் காது கேட்காததால் ஐந்தரை என்பார் போதகர்;
அவருக்கு இப்படி நான்கு ஆலயங்கள்.
இன்றைக்கு வரிசை வாசலைத் தாண்டி நின்றது.
நாயோடு வந்தவர்கள்,
இரவுப்பணி முடித்து உடை மாற்றாமல் வந்த செவிலி,
பதினெட்டு முடிந்து ஒன்பதே நாளான பையன்.
உள்ளே கால் வைத்ததும் எல்லோரும் குரலைத் தாழ்த்தினார்கள்.
யாரும் சொல்லவில்லை.
நாய்கூட.
இதற்கு என்ன பெயர் என்று
பட்டியலில் கோடு கிழித்தபடி யோசித்தேன்.
பக்தி இல்லை.
பழக்கமும் இல்லை, பாதிப்பேர் இங்கே வந்ததே இல்லை.

பதினொரு மணிக்கு ஒருவர்,
கோட்டில் கட்சி ரிப்பன்.
அவர் போட்ட துண்டறிக்கை
என் வீட்டுக் குளிர்பெட்டிமேல் கிடக்கிறது:
இது கிறிஸ்தவ நாடு, மீட்டெடுப்போம்.
கழிப்பறை எங்கே என்று கேட்டார். காட்டினேன்.
கோபம் வந்தது.
ஆனால் ஈரக் குடையை உள்ளே உதறாமல்
வாசலிலேயே சாய்த்துவிட்டு வந்திருந்தார் மனிதர்.
கோபப்பட அது கொஞ்சம் இடைஞ்சலாக இருந்தது.

மூன்று மணிக்கு நெரிஸ் ப்ரோதெரோ.
கடவுள் இல்லை என்று
சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டுப் போனவள்,
முப்பது வருடத்துக்கு முன்.
சீட்டை வாங்கவில்லை. சுவரையே பார்த்தாள்.
"எங்கே அது, டெகிட்?"
துணிக்குப் பின்னால்.
"அப்பாவின் சவப்பெட்டி இங்கே இருந்தபோது
அழுதுவிடக் கூடாதென்று
அந்த எழுத்துகளை எண்ணிக்கொண்டே இருந்தேன்.
இருபது."
ஆங்கிலக் கணக்கில் இருபத்துநான்கு,
எங்கள் மொழியின் அரிச்சுவடியில் இருபதுதான்.
சரியாகச் சொன்னாள்.
தடுப்புக்குள் போய் நெடுநேரம் நின்றாள்.
குறுக்காக இரண்டு கோடு போட
அவ்வளவு நேரம் ஆகாது.

இரவு பத்துக்குப் பெட்டியை முத்திரையிட்டோம்.
நானூற்றுப் பன்னிரண்டு பேர்.
யார் வென்றார் என்பதை விட்டுவிடுகிறேன்.
விடிந்ததும் என் தங்கை தொலைபேசியில் அழுதாள்,
எதிர்வீட்டில் கார் ஹாரனை விடாமல் அடித்தார்கள்.

ஞாயிறு. ஆறு பேர்.
துணியை இறக்க எல்லோருமே மறந்திருந்தோம்.
அதன் கீழேயே பாடினோம்,
ஐவர் மட்டும் ஒரு அடி பிந்தி.
காணிக்கையைக் குறிக்கப் பேனா கிடைக்கவில்லை;
தரையில் நூலோடு கிடந்த பென்சிலால் எழுதினேன்:
இருபத்துமூன்று பவுண்டு நாற்பது,
வாசலில் யாரோ வைத்துப்போன பீச் பழ டின் ஒன்று,
ஒரு குடை, காய்ந்தது.