ஓசையில்லாமல்

சனிக்கிழமை, காலை ஆறரை. டோனட் கடை வாசலில்
எங்கள் வண்டிகள் பானெட் திறந்து நிற்கின்றன,
பல் மருத்துவரிடம் வாய் காட்டுகிறவர்களைப் போல.

வெர்னான் வந்தது யார் காதிலும் விழவில்லை.
திரும்பினால் நிற்கிறான். புது மாடல், மஞ்சள்.
எட்டு சிலிண்டரும் வாய்மூடிக் கிடக்க
பேட்டரியில் ஊர்ந்து வந்திருக்கிறான்.
"தையல் மெஷினுக்குக்கூடச் சத்தம் உண்டு" என்றான் க்ளீட்டஸ்.
எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம்.

என்னுடையது எழுபத்திரண்டாம் வருஷத்து வண்டி.
சாவி திருகினால் எதிர்வீட்டு மார்லாவின் சமையலறையில்
கண்ணாடிக் கோப்பைகள் நடுங்கும்.
அவளே சொல்வாள், கொஞ்சம் பெருமையாகக்கூட.
போன மார்ச்சில் அவள் கணவனுக்குக் கீமோ தொடங்கியது.
அதிலிருந்து விடிகாலையில் வண்டியை நியூட்ரலில் போட்டு
தோள்கொடுத்துத் தள்ளுகிறேன், தெருமுனைவரை.
அங்கே போய்த்தான் அதற்கு உயிர்.
என் இடுப்பு அறியும். கிளப்புக்குத் தெரியாது.

வெர்னான் சாவியை நீட்டினான்: ஒரு சுற்று.
கம்பர்லண்ட் ஆற்றோரம் அந்த மூன்றாவது வளைவு.
நான் மிதித்து முடிப்பதற்குள், எஞ்சின் மூச்சிழுப்பதற்குள்
முன்சக்கரங்கள் பிடித்து இழுத்தன,
கேள்வி முடியுமுன் பதில் சொல்லும் ஆளைப் போல.
பிறகுதான் எட்டும் உறுமின.
பழைய உறுமல்தான்; ஒரு நொடி பிந்திய கைதட்டல்.

"எப்படி?" என்றார்கள்.
"கனம் அதிகம்" என்றேன். பொய்யில்லை.
க்ளீட்டஸ் முதுகில் தட்டினான்,
சரியாக வலிக்கிற இடத்தில்.

திரும்பும்போது தெருமுனையிலேயே எஞ்சினை அணைத்தேன்.
வந்த வேகத்தில் உருண்டே வீடு சேர்ந்தது.
மார்லா வீட்டுத் திரை அசையவில்லை.
நல்லது என்று நினைத்தேன்.
கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.