எடைக் கணக்கு

டொனிகாலில் மழை விடாத மார்ச்.
ஆட்டுக் கொட்டகையில்
எழுபத்தெட்டாம் வருஷத்து எஸ்கார்ட்.
ஃபியக்ரா கழற்றுவான்,
நான் ஆடு நிறுக்கும் தராசில் வைத்து
நோட்டில் எழுதுவேன்.

பின்சீட்டு, பதினாறு கிலோ.
ஹீட்டர், ஏழரை.
தரையில் ஒட்டிக் கிடந்த தார்ப் பாளத்தை
உலர்பனி பரப்பி உடைத்தோம்.
இரண்டு வாளி கறுப்பு அப்பளம்.

ஃபைபர் பானெட் வந்த அன்று
அதைத் தலைக்குமேல் குடையாய்ப் பிடித்து
வீட்டுக்கும் கொட்டகைக்கும் ஓடிக் காட்டினான்.

கதவுக் கைப்பிடிக்குப் பதில் ஒரு வார்.
பிரேக் பெடலிலும் துளைகள்.
கழுதை தேய்ந்து கட்டெறும்பாக வேண்டும் என்று
நேர்ந்துகொண்டு தேய்ப்பவனை
அப்போதுதான் பார்க்கிறேன்.

நோட்டில் ஒரே ஒரு கூட்டல்:
இரும்புக் கூண்டு, முப்பத்தெட்டு.
"அலுமினியத்தில்..." என்று ஆரம்பித்தான்.
பக்கத்து சீட்டில் உட்காரப்போவது நான்.
பேனாவை மூடி வைத்தேன்.
அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எழுநூற்றுத் தொண்ணூற்றாறு.
இன்னும் பத்து குறைந்தால் போதும், பத்தே பத்து,
என்று கூரையைப் பார்த்தான், சக்கரத்தைப் பார்த்தான்.
நான் தராசை அவன் காலடிக்கு உருட்டினேன்.

பூட்ஸைக் கழற்றினான். பெல்ட்டையும்.
ஏறி நின்று மூச்சை இழுத்துப் பிடித்தான்,
முள்ளைப் பார்த்தான்,
இறங்கி
மறுபடி டிரில்லை எடுத்துக்கொண்டு போனான்.