முன்பக்கம் இரண்டு

கோணவட்டம், காலை பத்தரை.
லாரிக் கூடு அடிக்கிற சத்தத்துக்கு நடுவில்
என் ஜீப்புக்கு அடியில் படுத்திருக்கிறார் முனவ்வர்.
வெளியே தெரிவது இரண்டு குதிகால்.
மீதி எல்லாம் குரல்.

"இது இன்னாது?"
கொக்கி, என்கிறேன்.
"கொக்கின்னு யார் சொன்னது?
கம்பெனிலேர்ந்து லாரில ஏத்தி வரும்போது
வண்டி ஆடாம இருக்க கட்டிப்போடற வளையம்பா.
இத்தப் புடிச்சா இழுத்த?"

இழுத்தது நான் இல்லை, சென்றாயன்.

ஐப்பசி மழை விட்டிருந்த மத்தியானம்.
பீஞ்சமந்தையிலிருந்து ஒடுகத்தூருக்கு
பதினோரு மூட்டை சாமை, மூட்டைமேல் இரண்டு ஆடு.
மூன்றாவது வளைவில்
செம்மண் என்னை அச்சுவரை வாங்கிக்கொண்டது.
கீழேயிருந்து ஏறி வந்தவன் அவன்.
நாலு வருஷமாய்ப் பேச்சு இல்லை எங்களுக்குள்.
சவாரித் தகராறு. எண்பது ரூபாய்.

பெல்ட்டின் ஒரு முனையைத் தன் வண்டியில் மாட்டி
மறுமுனையை என் காலடியில் போட்டான்.
குனிந்தேன். கண்ணில் பட்ட முதல் வளையத்தில் மாட்டினேன்.
ரிவர்ஸ் போட்டான்.

வளையம் பிய்த்துக்கொண்டு போன சத்தம்
யாரோ ஒரே ஒரு தரம் கைதட்டியதுபோல் இருந்தது.

அவன் முன்கண்ணாடியில் கைநுழையும் ஓட்டை.
இடது சீட்டில், தலை சாயும் இடத்தில்,
பஞ்சு பிதுங்கி, பஞ்சுக்குள் என் இரும்பு.
அங்கே உட்காருகிற கிளீனர்ப் பையன் அரசப்பன்
டயருக்குக் கல் வைக்க
அப்போதுதான் இறங்கியிருந்தான்.
கையில் கல்லோடு நின்றான், வெகுநேரம்.

இதை முனவ்வரிடம் சொல்லவில்லை.
கிழிந்த இடத்தைத் தடவிப் பார்த்தவருக்கு
சொல்லவேண்டி இருக்கவில்லை.

சிவப்புப் பெயிண்ட் அடித்த ஒரு கொக்கி
கடையில் தொங்கியது. எனக்குப் பிடித்திருந்தது.
"பம்பர்ல வச்சா பம்பர் மட்டும் வீட்டுக்குப் போவும்,
நீ காட்ல நிப்ப" என்றார்.
"வண்டி ஒண்ணே முக்கால் டன்,
மூட்டையோட ரெண்டரை.
சேறு கவ்விக்கினா எவ்ளோன்னு எனக்குத் தெரியாது.
சேத்துக்கு எடைமேடை கிடையாது."

பிறகு சுத்தியல்.
சட்டத்தை முன்னாலிருந்து தட்டிக்கொண்டே போகிறார்.
ணங். ணங். ணங்.
வலது பக்கம் ஓரிடத்தில் தொப்.

அந்தத் தொப் எனக்கு இரண்டு நாளும்
ஒரு ஆட்டின் விலையும் ஆனது.
துரு தின்ற பாகத்தை அறுத்து எடுத்தார்,
லாரிச் சட்டத் தகட்டை உள்ளே ஒன்று வெளியே ஒன்று வைத்தார்.
வாயை மூடிய கண், திறந்த கொக்கி வேண்டாம்,
பெல்ட் தளர்ந்தால் நழுவும்.
ஒன்று போதாதா, என்று கேட்டுப்பார்த்தேன்.
"ஒரு காதப் புடிச்சு இழுத்தா
கழுத்து கோணாதா?"

போல்ட்டுகளைக் கிளறினார்.
தலையில் எண் இல்லாததெல்லாம் மூலைக்குப் பறந்தது,
மூலையில் படுத்திருந்த நாய் எழுந்து வேறிடம் பார்த்தது.
பத்து புள்ளி ஒன்பது என்று பொறித்ததை மட்டும்
வேட்டி நுனியில் துடைத்து என்னிடம் நீட்டினார்.
"படிச்சுக் காட்டு."
படித்துக் காட்டினேன்.

கார்த்திகை. அதே வளைவு, அதே மண்.
இந்தத் தடவையும் எதிரே அவன்தான்,
புதுக் கண்ணாடியோடு.

இறங்கி வந்தான். உட்கார்ந்தான்.
இரண்டு கண்ணிலும் விரல் விட்டு ஆட்டினான்,
மாடு வாங்குகிறவன் பல்லைப் பார்ப்பதுபோல.
போல்ட் தலையைச் சுண்டினான்.
அரசப்பனை மேட்டின்மேல், மரத்துக்குப் பின்னால் அனுப்பினான்.
பெல்ட்டின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப்
போர்த்திவிட்டு,
ஓரம் நழுவாமல் இரண்டு முறை சரிசெய்தான்.

வண்டி வந்தது. முனகிக்கொண்டு, ஆனால் வந்தது.

பெல்ட்டைச் சுருட்டியபடி என் பக்கம் பார்க்காமலே
நாலு வருஷத்தின் முதல் வார்த்தையைச் சொன்னான்:
"கண்ணாடி மூவாயிரத்து நானூறு."

எண்பதைக் கழித்துக்கொண்டு கொடுத்தேன்.
எண்ணிப் பார்த்து
வாங்கிக்கொண்டான்.